தலைகீழ் வானம்: ஓர் அச்சிலக்கண ஆராய்ச்சி

வானம் மேலே இருக்கிறது என்பதற்குச் சான்று தேவையில்லை என்றே உலகம் நம்பி வருகிறது. வளிமண்டலத் தரவைப் பைத்தான் நிரலில் வரைந்து பார்த்தவர்களுக்கு மட்டும் அந்த நம்பிக்கை கிடையாது.

தமிழில் அச்சு வண்டிக்கும் உண்டு, வெல்லத்துக்கும் உண்டு, நூலுக்கும் உண்டு. இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது வரைபடத்தின் அச்சு. முறிந்தால் சத்தம் கேட்காது என்பதே இதன் தனி இலக்கணம்.

சான்றாக மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை பறக்கவிடும் பலூனைக் கொள்வோம். அது அனுப்பும் தரவில் உயரத்தைச் சுட்டக் காற்றழுத்தமே ஒய் அச்சில் நிற்கும். தரையருகே சுமார் 1000 ஹெக்டோபாஸ்கல், ஏறக்குறைய 5.8 கி.மீ. உயரத்தில் 500, பதினாறரை கி.மீ.யில் 100. மேட்பிளாட்லிப் என்ற வரைகருவியோ பெரிய எண் மேலே என்ற பள்ளிப் பாடத்தை மறக்காத மாணவன். 1000ஐ உச்சியில் வைக்கும், 100ஐ அடியில் வைக்கும். மீனம்பாக்க விமான ஓடுதளம் அந்தரத்தில் தொங்க, பலூன் கிணற்றுக்குள் இறங்கும். கருவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர் மூளையின் மின்னலைகளைப் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கி 2003இல் வெளியிட்டது அது. மூளை அலைக்கு வானம் எதற்கு?

இதற்குப் பரிகாரம் சொல்வதில் உரையாசிரியர்கள் இரு கட்சி. ஒரு கட்சி அச்சின் எல்லையை 1000, 100 என்று திருப்பி எழுதும். மறு கட்சி ‘இன்வெர்ட் ஒய்ஆக்சிஸ்’ என்று ஆணையிடும். இரண்டுமே சரி. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறவரே நம் ஆய்வுக்குரியவர். அந்த ஆணைக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாது. இருப்பதைப் புரட்டிப்போட மட்டுமே தெரியும். எல்லையால் கவிழ்ந்த அச்சு ஆணையால் மறுபடி நிமிர்ந்துவிடும். ஆணையை இன்னொரு முறை எழுதினால் சரியாகிவிடும். ஆக, வானம் இருக்கும் இடம் பிள்ளைகள் புளியங்கொட்டையில் ஆடும் ஒற்றையா இரட்டையாதான்.

அடுத்தது இடப்பங்கீடு. 200க்கும் 100 ஹெக்டோபாஸ்கலுக்கும் இடையே சுமார் நான்கு கி.மீ. காற்று இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே ஓடும், 1958இல் பி. கோட்டேஸ்வரம் விவரித்த கிழக்கத்திய ஜெட் காற்று குடியிருப்பது அந்த மாடியில்தான். சாதாரண அளவுகோலில் அந்த மாடிக்குக் கிடைப்பது படத்தின் ஒன்பதில் ஒரு பங்கு. மடக்கை அளவுகோலுக்கு மாற்றினால் 30 சதவீதம். அழுத்தம் உயரத்தோடு மடங்கு மடங்காகக் குறைவதால் மடக்கையே நியாயம்.

நியாயம் கிடைத்த கையோடு எண்கள் போய்விடும். 850, 700, 500 என்று பேசிப் பழகிய வானிலையாளருக்குக் கருவி எழுதிக் காட்டுவது பத்தின் அடுக்குக் கணக்கு. வீட்டு முகவரி கேட்டவருக்கு மாவட்டத்தின் பெயரைச் சொன்ன கதை. எண்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் குறிக்க வேண்டும்.

நிலப்படத்தில் கூத்து வேறு விதம். மேட்பிளாட்லிப்பின் ‘இம்ஷோ’ ஆணை தரவின் முதல் வரிசையை உச்சியில் ஒட்டும். தரவு தெற்கிலிருந்து அடுக்கப்பட்டிருந்தால் கன்னியாகுமரி மேலே, சென்னை கீழே. 1154இல் அல் இத்ரீசி தெற்கை மேலே வைத்துத்தான் உலகப்படம் வரைந்தார் என்று வாதாடலாம், ஆய்வு நெறியாளர் ஒப்புக்கொள்ளமாட்டார். வடக்கிலிருந்து அடுக்கிய ஈஆர்ஏ5 என்ற வளிமண்டலத் தரவுத்தொகுப்பில் இன்னொரு பொறி. எக்ஸ்அரே என்ற பைத்தான் கருவியில் அட்சரேகை 8 முதல் 14 பாகை வரை வெட்டித் தா என்றால் பிழைச் செய்தியே வராது, வெறும் பெட்டி வரும். 14 முதல் 8 என்று கேட்டால்தான் தமிழ்நாடு கிடைக்கும்.

படத்தை அனுப்பும் முன் கன்னியாகுமரி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.