ஒற்றைக்காணோ? – பெண்ணொருத்தி தனியே தீவு போதல் பற்றிய முதனிலை ஆய்வு

சின்னத் தீவுக்குத் தனியே போய்வரும் பெண்களைப் பற்றி எழுதப்பட்டவையெல்லாம் பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கமே ஒதுங்கிக் கிடக்கின்றன. அக்குறை தீர்க்கும் பொருட்டு, இவ்வாய்வாளர் ஒரு சனிக்கிழமை காலை பாறசாலையில் ஆனவண்டி, அதாவது கேரள அரசு பஸ், ஏறினார். களம், பூவார் தீவு. முதல் தரவு வண்டியிலேயே கிடைத்தது.

"எத்ர?" என்றார் கண்டக்டர்.

"பூவார் ஒண்ணு."

மெஷினில் விரலை வைத்தவர் தட்டவில்லை. என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஜன்னல்தான் இருந்தது. "ஒற்றைக்காணோ?"

பூவார் தீவுதானா என்பதை முதலில் தீர்த்துவிட வேண்டும். அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிவரும் நெய்யாறு இங்கே கடலில் சேர்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு. ஆறு கடலைத் தொடும் வாய்க்குப் பொழி என்று பெயர். பக்கத்து ஊர் பொழியூர், அதைத் தாண்டினால் தமிழ்நாட்டு நீரோடி. மழையில் பொழி முறிந்தால் திட்டு தண்ணீருக்குள் தனித்து நிற்கும். கோடையில் மணல் மூடினால் அதன் தீவுப் பதவி போய்விடும். பெயர்ப்பலகைகள் மட்டும் வருடம் முழுக்கத் தீவு என்றே சாதிக்கின்றன.

இனி கண்டக்டரின் வினாவுக்கு வருவோம். 'ஒற்றைக்கு', 'ஆணோ' என்று பிரியும் இச்சொல்லில் மலையாளக் காதுக்கு ஒரு சிக்கலும் இல்லை. 'தனியாகவா' என்பதே பொருள். தமிழ்க் காதுக்கு மட்டும் கடைசியில் ஓர் ஆண் நிற்கிறான். தனியே வந்தவளிடம் ஆண் எங்கே என்று வினையெச்சமோ முற்றோ இல்லாமல் இவ்வளவு சுருக்கமாகக் கேட்கும் வசதி வேறெந்த மொழிக்கு உண்டு? 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்தோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் போயின. இந்தக் கேள்விக்கு எல்லைக்கோடு போட யாருக்கும் தோன்றவில்லை. தமிழ்நாட்டுப் பக்கத்துக் களியக்காவிளையில் அதுவே "ஒத்தைக்கா போற மக்களே?" என்று உருமாறிக் காத்திருக்கிறது.

வரலாற்றுச் சான்றும் பார்த்துவிடலாம். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் மிகப் புகழ்பெற்ற தனிவழிப் பயணி, பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான மார்த்தாண்ட வர்மா. எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி ஓடிவந்து பலாமரப் பொந்தில் ஒளிந்தார் என்கிறது வழக்கு. அந்த அம்மச்சிப் பிலாவை நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் இன்றும் காட்டுவார்கள். அவரைக் கொல்லத் தேடியவர்கள் உண்டு; ஒற்றைக்காணோ என்று விசாரித்ததாகத் தகவல் இல்லை.

படகுத்துறையில் பொருளாதாரம் குறுக்கிட்டது. கூலி தலைக்கு அல்ல, போட்டுக்கு. ஆறு பேர் பங்கிட வேண்டியதை ஒருத்தி தர வேண்டும். "சேச்சி, ஆளு வரட்டே, சேர்ந்து போவாம்" என்று இரக்கப்பட்டார் போட்டுக்காரர். ஆளு வந்தது, புதுமணத் தம்பதி. அவர்கள் என்னையும் நான் அவர்களையும் பார்க்காதிருக்க முயன்றதில் கண்டல் காடு முழுவதும் கடந்துவிட்டது. மால்டாவை ஒட்டிய கோசோ தீவைக் கிரேக்கக் கதையில் வரும் கலிப்சோவின் தீவு என்பார்கள். ஒற்றையாகக் கரை ஒதுங்கிய ஒடிசியஸை அவள் ஏழு ஆண்டு வைத்திருந்தாளாம். இங்கே ஒரு மணி நேரம்தான். அதற்குமேல் இருந்தால் அடுத்த மணிக்கூலி.

திரும்பி வந்து ஏத்தக்காப்பமும் சாயாவுமாக உட்கார்ந்திருந்தபோதுதான், பெண்ணின் தனிமையே ஊருக்கு உறுத்தல் என்ற கருதுகோள் உடைந்தது. தலையில் அலுமினியச் சருவத்தோடு மீன்காரி ஒருத்தி கடையைத் தாண்டிப் போனாள். சும்மாட்டிலிருந்து வழிந்த நீர் கழுத்தில் இறங்கியது. ஒரு கையால் துடைத்துக்கொண்டாள், நடை குறையவில்லை. அவளும் ஒற்றைதான். விடியும் முன்னே கடற்கரையிலிருந்து கிளம்பியிருப்பாள். கடைக்காரர் முதல் போட்டுக்காரர் வரை யாரும் அவளிடம் ஒற்றைக்காணோ என்று கேட்கவில்லை. மீன்கூடையோடு பஸ்ஸில் ஏற்ற மறுக்கிறார்கள் என்பதால் இப்பெண்களுக்கென்றே 2021-இல் திருவனந்தபுரத்தில் 'சமுத்ர' என்ற இலவச பஸ் விட்டார்கள். பஸ் கண்ட சிக்கல் சருவத்தின் நாற்றம். அவள் தனிமை அல்ல. ஆக, பெண் தனியாக இருப்பதில் ஊருக்கு ஆட்சேபம் இல்லை, சும்மா இருப்பதில்தான்.

இதைச் சரிபார்க்க அடுத்த சனிக்கிழமை அண்டைவீட்டு அக்காவிடம் காலிச் சருவம் ஒன்று இரவல் வாங்கி, துணியால் மூடி, ஆட்டோவில் போய் அதே துறைக்கு நடந்தேன். போட்டுக்காரர் பார்த்தார். தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவே இல்லை.

"சாளை எத்ரயா சேச்சி?" என்றார்.