முதுகில் மூட்டை, காலில் பூட்ஸ்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர். அதை நாயோடு நடந்தே முடிப்பது என்று தீர்மானிப்பவர் எஜமானர். நாயிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அது வாலை ஆட்டும், அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு கல்யாணச் சீர் மாதிரி சாமான்கள் சேரும். முதுகுக்கு இரட்டைப் பை (தன் சாப்பாட்டைத் தானே சுமக்க வேண்டுமாம், உடல் எடையில் கால் பங்கைத் தாண்டாமல் இருந்தால் புண்ணியம்), நான்கு காலுக்கும் பூட்ஸ், பாதத்துக்குக் களிம்பு, மடக்குக் கிண்ணம், தனிப் படுக்கை. இதில் உண்ணி மருந்து மட்டும் நியாயமான செலவு. அந்தக் காட்டு உண்ணி லைம் நோயை நாய்க்கும் தரும், எஜமானருக்கும் தரும், பாரபட்சம் பார்க்காது. பூட்ஸில் ஒன்று ஏதோ ஓடையோடு போய்விடும். மற்ற மூன்றையும் எஜமானர் சுமப்பார்.

நாய்க்கு முக்கியமாகப் பாதத்தில்தான் வியர்க்கும். உடம்பின் சூட்டை மூச்சிரைத்தே தணித்துக்கொள்ள வேண்டும். அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போது, "பாருங்கள், எப்படிச் சிரிக்கிறான்!" என்று படம் எடுக்கிறார்கள்.

வழியில் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் இந்தப் பாதையில் நாய்க்கு அனுமதி இல்லை. பாதை முடியும் கட்டாடின் சிகரம் இருக்கும் பாக்ஸ்டர் பூங்காவிலும் இல்லை. அங்கெல்லாம் நாயை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு உருப்படியான ஓய்வு அப்போதுதான். மற்ற இடங்களில், அது படுத்தால் தயவுசெய்து நீங்களும் உட்காருங்கள்.