எடிசனில் ஒரு திருஷ்டிப் பூசணி

நியூ ஜெர்சியில் இலையுதிர்காலம் வானியல் கணக்குப்படி செப்டம்பர் 22 அல்லது 23-ல் பிறக்கிறது. கடைக்காரர்கள் கணக்கில் ஆகஸ்டிலேயே பிறந்துவிடும். வெளியே வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கொளுத்தும். மரத்தில் ஒரு இலைகூட மஞ்சளாகியிருக்காது. கடைக்குள் மட்டும் ஆரஞ்சு இலைகள் மலையாகக் குவிந்து கிடக்கும். அதன் பிறகு எடிசனில் எங்கள் தெருவிலும் கதவுக்குக் கதவு ஒரு பலகை முளைக்கும்: 'வெல்கம் ஃபால்'. பார்சல் கொண்டுவருகிறவரைத் தவிர யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் பலகை இல்லாத வீட்டை, மார்கழியில் கோலம் போடாத வாசலைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள்.

வாங்க வேண்டாம், நாமே செய்யலாம் என்றாள் மகள். வட்டமாக ஒரு தெர்மாகோல் பலகை, களிமண், சணல் கயிறு எல்லாம் வந்து இறங்கின. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா தெர்மாகோலைத் தட்டிப் பார்த்தாள்.

"இதுலதானேடி மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளை பேரை வெட்டி ஒட்டுவாங்க. இப்ப யாருக்குக் கல்யாணம்?"

தெர்மாகோலில் ஏறத்தாழ 98 சதவீதம் காற்றுதான் என்று மகள் பாடம் எடுத்தாள். "காத்துக்கா டாலர் குடுத்தீங்க?" என்றாள் அம்மா. அந்தக் கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது.

களிமண் என்பதும் பேருக்குத்தான். பாலிமர் கிளே எனப்படும் அது பிவிசி. நம்மூரில் தண்ணீர்க் குழாய் செய்கிற சரக்கையே பிசையும் பதத்துக்கு இளக்கிக் கலர் போட்டு விற்கிறார்கள். 275 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் வைத்தால் இறுகும். தெர்மாகோலோ தண்ணீர் கொதிக்கும் சூட்டிலேயே இளகிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்து வேகவைக்கக் கூடாது. இலையைத் தனியாக வேகவைத்து, ஆறவைத்து, பிறகு ஒட்ட வேண்டும். வண்ணத்திலும் ஆசாரம் உண்டு. சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்று குழி பறித்துவிடும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்தான் ஒத்துக்கொள்ளும். இத்தனை மடியும் தீட்டும் எங்கள் பாட்டியின் அடுப்படியில்கூடக் கிடையாது.

வாசல் மேப்பிள் மரத்திலிருந்து மகள் ஒரு நிஜ இலையைப் பறித்து வந்து, களிமண்ணில் அழுத்தி நரம்புகளைப் பதித்தாள். பச்சை இலை. அச்சு எடுத்ததும் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அச்சுக்குச் சிவப்பு அடித்தோம். மரம் அக்டோபரில் சும்மா தரப்போவதை ஆகஸ்டில் காசு கொடுத்துச் செய்துகொண்டோம்.

பூசணி உருட்டும் பொறுப்பு அம்மாவுடையது. கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கை. பிள்ளையார் சதுர்த்தி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. உருண்டை உருட்டினாள், தட்டினாள், மேலே காம்புக்காக ஒரு நீட்டல் இழுத்தாள். நீட்டல் கொஞ்சம் வளைந்தது. வளைந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கை நிற்கவில்லை. இரண்டு காது, ஒரு தொந்தி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை ஊரறிந்தது. எங்கள் வீட்டில் பூசணி பிடிக்கப் பிள்ளையார் ஆனார். ஓவனில் அரை மணி நேரம் இருந்து கெட்டிப்பட்டும் வந்துவிட்டார். பிவிசி பிள்ளையாரைக் கரைக்க முடியாது என்று தெரிந்ததும் அம்மா கவலைப்பட்டாள். "அப்ப இவரை எப்படிடி அனுப்பறது?" அனுப்பவில்லை. பலகையின் அடியில், 'வெல்கம்' என்ற எழுத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் வைக்கப் பெரிதாய் இன்னொரு பூசணி தேவைப்பட்டது. கோள வடிவத் தெர்மாகோலை அரையாக வெட்டி, ஆரஞ்சு அடித்து ஒட்டினோம். அதற்கு மகள் வெட்கப்படுகிற மாதிரி ஒரு சிரிப்பு வரைந்திருந்தாள். மறுநாள் காலை பார்த்தால் உருட்டு விழி, முறுக்கு மீசை, தொங்கும் சிவப்பு நாக்கு.

"பாட்டி, க்யூட்டா இருக்கணும்!"

"வாசல்ல தொங்குற பூசணி எதுக்கு க்யூட்டா இருக்கணும்? பாக்குறவன் பயப்பட வேண்டாமா?"

மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாள்தான் ஊர் பேர் தெரியாமல் பாட்டி பக்கம் சேர்ந்தார். கெட்ட ஆவியை விரட்ட அயர்லாந்தில் டர்னிப் கிழங்கில் பயங்கர முகம் செதுக்குவார்களாம். அங்கிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர்கள் பூசணிக்கு மாறிக்கொண்டார்களாம். அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா, தூரத்துச் சொந்தம் ஒன்றைக் கண்டுபிடித்தவள்போல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல குடும்பம். திருஷ்டி தெரிஞ்சிருக்கு."

ஹாலோவீன் முடிந்து பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் விளக்கு ஏறத் தொடங்கியதும், பலகையைப் பெட்டியில் கட்டிவைக்கலாம் என்றேன். அம்மா ஒப்பவில்லை. திருஷ்டிப் பூசணியைப் பத்திரப்படுத்தி வைத்தால் திருஷ்டியும் பத்திரமாக இருக்குமாம். பிள்ளையாரை மட்டும் பெயர்த்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, அமாவாசையன்று பூசணியில் ஓட்டை போட்டுக் குங்குமமும் ஒரு குவார்ட்டர் நாணயமும் திணித்தாள். தெருமுனைக்குப் போய் மூன்று சுற்றுச் சுற்றி ஓங்கி அடித்தாள்.

துள்ளிக் குதித்துத் திரும்பி வந்தது.

"இன்னும் பலமா அடி பாட்டி" என்றாள் மகள், கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே.