பின்னால் வருபவரின் விளக்கு

மோட்டார் காரின் விளக்குகளுள் பிரேக் விளக்கு தனி இயல்பு கொண்டது. முகப்பு விளக்கு எரியாவிட்டால் ஓட்டுநருக்குச் சாலை தெரியாது; டெயில் லாம்ப் எனப்படும் பின்விளக்கு எரியாவிட்டால் சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்; பிரேக் பெடலில் கால் இருக்கும்வரை மட்டுமே எரியும் இந்த விளக்கைப் பார்க்க வேண்டுமானால் காலை எடுத்தாக வேண்டும், காலை எடுத்தாலோ அது அணைந்துவிடும் என்பதால், கார் உரிமையாளர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய ஒரு பொருளின் நலத்தைப் பிறர் சொல்லிக் கேட்டே அறியும் நிலையில் இருக்கிறார். அந்தச் செய்தி பெரும்பாலும் அடுத்த சிக்னலில், பின்னால் வந்த ஆட்டோ ஓட்டுநரின் வாயிலாக, அச்சேற்றத் தகாத சொற்களில் வந்து சேர்கிறது.

பிரேக் விளக்கு எரியாத பழுதை ஆராய அம்பாசிடரைவிடப் பொருத்தமான கார் இந்தியாவில் கிடைப்பது அரிது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் செய்யத் தொடங்கி 2014 வரை செய்துவந்த இந்தக் கார், அமைச்சர்களையும் மணமக்களையும் வேறுபாடு பாராமல் சுமந்தது. 1960களில் வந்த மார்க் 2 போன்ற பழைய மாடல்களை இன்று வைத்திருப்போருக்கு அவற்றை ஓட்டும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரமே அதிகம். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு, 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, 20,000 ரூபாய் கட்டி 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் பெறவும் வழியுண்டு. பதிவெண் எத்தனை பழம்பெருமை பேசினாலும், அதற்குப் பின்னால் வரும் மாநகரப் பேருந்துக்கு வேண்டியது இரண்டு சிவப்பு வெளிச்சங்கள் மட்டுமே.

இவ்விளக்கின் மின்வழி மிக எளியது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம், சாவி போடும் இக்னிஷன் சுவிட்சைக் கடந்து, அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்தால் தானே உருகி வழியைத் துண்டிக்கும் பியூஸ் என்னும் கம்பியின் வழியாகப் பிரேக் சுவிட்சை அடைகிறது; பெடலை மிதித்ததும் அந்தச் சுவிட்ச் இணைப்பு கொடுக்க, பிரிட்டிஷ் கார்களின் வண்ணமுறைப்படி ஊதாக் கோடு போட்ட பச்சை ஒயர் அதனை வண்டியின் பின்கோடி வரை கொண்டுபோய்ப் பல்புகளில் சேர்க்கிறது. பல்பை எரித்த மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழிக்கு மெக்கானிக்குகள் வைத்துள்ள பெயர் எர்த். அது தனி ஒயராக நெடுந்தூரம் ஓடுவதில்லை, காரின் இரும்பு உடம்பே அந்த வேலையைச் செய்கிறது. ஆக, பல்பு, பியூஸ், சுவிட்ச், ஒயர், எர்த் என்று சந்தேகத்துக்கு உரியவர்கள் ஐந்தே பேர் இருக்கையில், ஒரு மாலைப்பொழுதுக்குள் குற்றவாளியைப் பிடித்துவிடலாம் என்று தோன்றுவது இயற்கையே.

தோன்றியபடி நடப்பதில்லை. மின்சாரம் பெரும்பாலும் விலை மலிந்த இடத்தில் தடைப்படுகிறது. உரிமையாளரின் ஐயமோ விலை உயர்ந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே டிக்கியைத் திறப்பதற்கு முன்பே, 'ஒயரிங் முழுவதையும் மாற்றிவிட வேண்டியதுதான்' என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். அதற்குத் துணையாக, கார் மின்சாதனங்கள் செய்த பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனத்துக்கு ஆங்கிலேயக் கார்ப்பிரியர்கள் 'இருளின் இளவரசர்' என்று பட்டம் சூட்டிய பழைய நகைச்சுவையும் யாராவது ஒருவரால் எடுத்துரைக்கப்படும். துரு, ஈரம், அரை நூற்றாண்டு முதுமை ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலைக்கு ஓர் ஊர்க்காரரைப் பழிப்பது நியாயமன்று; அதே லூகாஸ் 1961இல் டி.வி.எஸ்.ஸோடு சேர்ந்து சென்னையில் கூட்டு நிறுவனமாக வேரூன்றி, பாடியில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்கே பெயராகிவிட்ட நிலையில், பாதிப் பழி உள்ளூரிலும் வந்து விழும்.

முறையான ஆய்வு பல்பிலிருந்து தொடங்க வேண்டும். பின்விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் பெரும்பாலும் ஒரே பல்புதான். அதனுள் 5 வாட் இழை ஒன்றும் 21 வாட் இழை ஒன்றும் இருக்கும். பல்பு தலைகீழாக மாட்டப்படாமல் இருக்கும்பொருட்டு, அதன் பக்கவாட்டில் உள்ள இரண்டு சிறு முளைகளும் வேறுவேறு உயரத்தில் அமைக்கப்பட்டுள்ளன. இந்த அமைப்பின் நோக்கத்தைப் புரிந்துகொள்ளாமல், நுழையாத பல்பை வலக்கை வலிமையால் நுழைத்துவிடுவோர் உண்டு. அவர்களுடைய வண்டியில் இரவெல்லாம் பிரேக் வெளிச்சமும், பிரேக் மிதித்தால் மட்டும் பின்விளக்கின் மங்கலும் தெரியும்.

பல்பு சரியாக இருப்பின், வண்டிக்குப் பின்னால் நின்று சாட்சி சொல்ல ஓர் ஆள் தேவைப்படும். இச்சாட்சியம் அந்திவெயிலில் பெறப்படுவதாலும், சிவப்புக் கண்ணாடி வெயில் பட்டால் தானே ஒளிர்வதாலும், உரையாடல் பின்வருமாறு அமைவது வழக்கம்.

"எரியுதா?"

"எரியுதுப்பா."

"நான் இன்னும் மிதிக்கவே இல்லையேடா! இப்ப?"

"இப்ப எரியலை."

"இப்ப?"

"ஆங், இப்ப நல்லா எரியுது."

"காலை எடுத்துட்டேன்டா!"

அனுபவசாலிகள் இத்தகைய சாட்சிகளை நம்புவதில்லை. இருட்டிய பிறகு சுவரை ஒட்டி வண்டியைப் பின்னோக்கி நிறுத்தி, மிதித்தபடியே கண்ணாடியில் சுவரின் நிறத்தைப் பார்த்து உண்மையை அறிகின்றனர்.

அடுத்து பியூஸ். அக்காலப் பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலும் இரண்டே பியூஸ்கள் இருந்தமையால், ஒன்று போனால் அதனை நம்பியிருந்த வைப்பரும் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும் சேர்ந்தே ஓய்ந்துவிடும். ஆகவே முள் நகர்ந்தால் பியூஸ் குற்றமற்றது என்று ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமலே முடிவு கட்டலாம். அம்முள் பிறந்ததிலிருந்தே நகராத வண்டிகளில் வைப்பரைக் கேட்டுக்கொள்வது நல்லது. உருகிய பியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பது நெடுஞ்சாலையோரத்தின் தொன்றுதொட்ட மருத்துவம். அதற்குப் பிறகு பியூஸ் ஒருநாளும் உருகாது என்பது உண்மையே. உருகும் பொறுப்பு ஒயருக்கு மாற்றப்பட்டுவிடும்.

பிரேக் சுவிட்ச் சற்று விரிவான விளக்கத்துக்கு உரியது. பிற்காலக் கார்களில் அது பெடலுக்கு அருகில், பெடல் அசைந்தாலே இயங்கும்படி வைக்கப்பட்டது. பழைய கார்கள் பலவற்றில் அது பிரேக் ஆயில் ஓடும் குழாயிலேயே திருகப்பட்டிருக்கும். மிதிக்கும்போது ஆயிலில் ஏறும் அழுத்தம் உள்ளிருக்கும் மெல்லிய தகட்டைத் தள்ள, இரண்டு முனைகள் தொட்டு விளக்கு எரியும். எனவே மென்மையாக மிதிக்கும் பண்பாளருக்கு விளக்கு தாமதமாகவும், அலறி மிதிப்பவருக்கு உடனேயும் எரிவதுண்டு. சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பார்த்து, அப்போது விளக்கு எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது என்று அறியலாம். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாயும் ஆகாது என்பதாலேயே அதனை எவரும் செய்வதில்லை. நேரே சென்னையின் ஜி.பி. சாலைக்கோ புதுப்பேட்டைக்கோ சென்று புதிய சுவிட்சை வாங்கி வந்து, பழையதைக் கழற்றிய இடத்தில் பிரேக் ஆயில் ஒழுகி, குழாய்க்குள் காற்று புகுந்து, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்கும் வேலை சேர்ந்துகொள்ள, விளக்கு எரியாத வண்டி மாலைக்குள் பிரேக்கும் பிடிக்காத வண்டியாக உயர்வு பெறும். ஒழுகிய ஆயில் இரண்டு சொட்டு விழுந்த இடத்தில் புதிய பெயிண்ட் உரிந்து வருவது தனிக்கணக்கு.

ஒயரை ஒதுக்கிவைத்தால் எஞ்சியிருப்பது எர்த். கண்ணுக்குத் தெரியும் உறுப்பாக இல்லாமையால் இதனைச் சந்தேகிப்போர் சிலரே. விளக்குக் கூட்டின் திருகாணி, காரின் தகட்டைத் தொடும் இடத்தில் துரு ஏறினால் மின்சாரம் திரும்ப வழியற்று நிற்கும். நிற்பதோடு அமையாமல் குறுக்கு வழியும் தேடும். 21 வாட் இழைக்குள் வந்த மின்சாரம், அதே பல்பின் 5 வாட் இழைக்குள் புகுந்து, எதிர்த்திசையில் ஓடி, மறுபக்க விளக்கின் எர்த்தைப் பிடித்து வீடு திரும்பும். இதன் விளைவாக, பகலில் பிரேக் மிதித்தால் நம்பர் பிளேட் விளக்கு மினுக்கும். இரவில் மிதித்தால், மங்கலாக எரிந்துகொண்டிருந்த பின்விளக்கு அணைந்தே போகும். வண்டிக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டதாகக் குடும்பத்தினர் பேசத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

இதில் மிகுந்த இடர்ப்படுவோர், வண்டியைப் புத்தம் புதிதாக்கியவர்களே. டிங்கரிங் முடித்து, பழைய பெயிண்டைச் சுரண்டி, துருவை நீக்கி, பளபளக்கும் புதிய பெயிண்டை உள்ளும் புறமும் அடித்த பிறகு, திருகாணி தொடவேண்டிய இரும்பும் பெயிண்டால் மூடப்பட்டுவிடுகிறது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அதுவரை துருவின் இடுக்கில் எப்படியோ எரிந்துவந்த விளக்கு, இலட்சங்கள் செலவான அன்றே நின்றுவிடுகிறது.

இறுதியில் வரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன், இரண்டு ஒயர் கட்டிய ஒரு பல்பைத் தவிர வேறு கருவி எதையும் கொண்டுவருவதில்லை. டிக்கியில் தலையை விட்டு, "எர்த் கிடைக்கலை சார்" என்று ஒற்றை வாக்கியத்தில் ஆய்வை முடித்து, உப்புத்தாளைச் சிறிதாகக் கிழித்து, காசளவு இடத்தைத் தேய்த்து, திருகாணியை மீண்டும் முடுக்குகிறார். விளக்கு எரிகிறது. உரிமையாளர் முகத்தில் மகிழ்ச்சியோடு ஏமாற்றமும் கலந்து தோன்றும். இத்தனை நாள் மனத்துள் வளர்த்த ஒயரிங் பேரழிவு ஒரு துண்டு உப்புத்தாளுக்கு அடங்கிப்போனது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் படும். ஆகவே கார்க் கண்காட்சியில் கேட்பவர்களுக்கு அவர் 'எலக்ட்ரிக்கலில் சிக்கலான ஒரு வேலை' என்றே விடை சொல்வார். அவசரத்தில் வாங்கிய இரண்டாவது சுவிட்சும் ஒரு டஜன் பல்பும் டேஷ்போர்டு அறையில் அட்டைப்பெட்டி பிரியாமல் காத்துக் கிடக்கும். அடுத்த பழுது ஹாரனில் வரும்.