காசியில் விட்டதும் தொட்டதும்

வீட்டில் யாரும் என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. காலில் ரத்தம் கட்டிக்கொண்டு நின்ற பிறகு டாக்டர்தான் என் ரத்தத்துக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தார். அன்று முதல் ரத்தம் உறையாமலிருக்க தினம் ஒரு வார்ஃபரின் மாத்திரை. 1948-இல் அமெரிக்காவில் எலி மருந்தாகக் கடைக்கு வந்த சரக்கு இது என்று தெரிந்ததும் என் மனைவிக்குப் பரம திருப்தி. "எலிக்கே கேக்குது, உங்களுக்குக் கேக்காதா?"

ஐ.என்.ஆர். என்று ஒரு கணக்கு உண்டு. எனக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏறினால் ரத்தம் கசியும், இறங்கினால் உறையும். கீரையில் இருக்கும் வைட்டமின் கே மருந்துக்கு ஜென்ம விரோதி. அதனால் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

இந்த லட்சணத்தில் காசி யாத்திரை. பிடித்ததை அங்கே விட வேண்டுமாம். "முருங்கைக்கீரை" என்றேன், குரல் தழுதழுக்க. வீட்டில் போடுவதால் தின்கிறேனே தவிர, எனக்கு அது பிறவியிலேயே பிடிக்காது. மனைவி முறைத்தாள். கங்கை சாட்சி, ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மாலையில் சந்துக்குள் ஒரு லஸ்ஸிக் கடை. மண் குவளையில் பச்சையாக மிதந்தது பாங்கு, அதாவது அரைத்த கஞ்சா இலை. 1985-ஆம் வருஷத்துச் சட்டம் கஞ்சாவின் பூவைப் பிடித்தது, இலையை விட்டுவிட்டது. அங்கே அரசு உரிமம் பெற்ற கடையிலேயே பாங்கு கிடைக்கும். சர்க்காரே சரி என்ற பிறகு என் ஈரல் என்ன மேஜிஸ்திரேட்டா?

மேஜிஸ்திரேட்தான். ஊர் திரும்பிய மறுநாள் பல் தேய்த்தால் வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. ஐ.என்.ஆர். 5.4.

"புதுசா ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"லஸ்ஸி. ஒரே ஒரு தடவை."

மனைவி கைப்பையிலிருந்து ஒரு மண் குவளையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அடியில் பச்சை காய்ந்து ஒட்டியிருந்தது. "இவர் பெட்டியில வேட்டிக்குள்ள சுருட்டி வெச்சிருந்தார். மூணு சாயங்காலம், டாக்டர்."

வார்ஃபரினை உடைத்துக் கழிக்க ஈரலில் ஒரு நொதி இருக்கிறதாம். கஞ்சாச் சரக்கு அதன் கையைக் கட்டிப்போட்டுவிடும். மருந்து ரத்தத்திலேயே தங்கிவிடும். "பாங்கு பாதி, கீரையை நிறுத்தினது பாதியா இருக்கலாம். ரெண்டும் ஒரே பக்கம்தான் இழுக்கும்" என்று சொல்லி, மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தி, மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னார். கீரை பழையபடி, தினம் ஒரே அளவு.

"காசியில விட்டதாச்சே!" என்றேன், கடைசி நம்பிக்கையோடு.

"பாவம் என் கணக்குல" என்றாள்.

இப்போது தினமும் மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியல். அளவு மாறக்கூடாதே என்று அந்த மண் குவளையால்தான் அளந்து போடுகிறாள். தலை தட்டி.