வக்கீல்கள் தம்மீது தாமே புகார் தர அனுமதி வேண்டி

பெறுநர்: தலைவர், உறுப்பினர்கள், தமிழ்நாடு – புதுச்சேரி பார் கவுன்சில், உயர் நீதிமன்ற வளாகம், சென்னை.
நகல்: இந்திய பார் கவுன்சில், புதுதில்லி.
பொருள்: கள்ளக்குறிச்சி வட்டார வழக்கறிஞர்கள் தம்மீது தாமே ஒழுங்கு நடவடிக்கைப் புகார் கொடுத்துக்கொள்ள அனுமதி கோருதல்.
பார்வை: வழக்கறிஞர்கள் சட்டம், 1961, பிரிவு 35.

ஐயன்மீர்,

வழக்கறிஞரின் பெயர்ப்பலகை ‘நியாயமான அளவில்’ இருக்க வேண்டும் என்கிறது தொழில்நெறி விதிகளில் 36-ஆம் விதி. நியாயம் எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று அது சொல்லவில்லை. இன்ன வகை வழக்கில் தேர்ந்தவர் என்று பலகையில் எழுதக் கூடாது என்பதும் அதே விதிதான். 2008-ஆம் ஆண்டுத் திருத்தமோ, எந்தெந்தத் துறையில் வழக்கு நடத்துகிறார் என்பதை இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம் என்கிறது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக பஸ் ஏறி வந்து, கோர்ட் வாசலில் அண்ணாந்து பலகையைப் பார்ப்பவருக்குத் தெரியக் கூடாத விஷயம், இணையத்தில் தேடுபவருக்குத் தெரியலாம். இதன் உட்பொருளை விளக்க யாரும் இல்லாததால், அது மிக ஆழமானதாக இருக்கும் என்றே நம்புகிறோம்.

கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும். கட்டணமாக வாங்கியது எது, செலவுக்கு வாங்கியது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும். கேட்டால் கணக்கின் நகல் தர வேண்டும். 25 முதலான விதிகள் சொல்லும் இவை எல்லாமே தேவையானவை. ஆனால் ஒரே மேஜையில் தானே வக்கீலாகவும் குமாஸ்தாவாகவும் கணக்குப்பிள்ளையாகவும் இருப்பவர், தம் பேரேடு விதிக்குப் பொருந்துகிறதா என்று யாரிடம் கேட்பார்? புகார் வந்து, அதில் முகாந்திரம் இருக்கிறது என்று ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போனால், அங்கே தெளிவான பதில் கிடைக்கும்: புகார் தள்ளுபடி, கண்டனம், தற்காலிகத் தடை, அல்லது பெயர் நீக்கம். விதிக்கு அதிகாரபூர்வமான விளக்கம் தரும் இடம் அது ஒன்றுதான் என்றால், வக்கீல்கள் தம்மீது தாமே புகார் கொடுப்பதே முறையான வழி. சட்டத்தின் பிரிவு 36ஆ-வின்படி புகாரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும்; முடியாவிட்டால் கோப்பு தில்லிக்குப் போகும். சந்தேகம் கேட்டவருக்கு இவ்வளவு உயர்ந்த கவனிப்பு வேறெந்தத் தொழிலில் உண்டு?

சட்டம் படித்தவருக்கு விதி தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். ‘நியாயமான’ என்ற சொல்லுக்குப் பொருள் தேடி உச்ச நீதிமன்றம் வரை வாதாடுவதே அவர்கள் தொழில். தங்களைக் கட்டும் விதியில் மட்டும் அந்தச் சொல் தானாகத் துலங்கிவிடுமா? இங்கிலாந்தில் சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் அமைப்பு தண்டிக்கவும் செய்கிறது. விதி புரியாதவர் முன்கூட்டியே கூப்பிட்டுக் கேட்கத் தொழில்நெறி உதவி எண்ணும் வைத்திருக்கிறது. அங்கே கோடிகள் புரளும் பெரிய நிறுவனங்கள், இங்கே சின்ன ஆபீஸ்கள் என்பீர்கள். பெரிய நிறுவனம் விதி பார்க்கவே தனி ஆள் வைத்துக்கொள்ளும். உதவி எண் தேவைப்படுவது ஆள் வைக்க முடியாதவருக்குத்தான். வழக்கறிஞர் பதிவுக் கட்டணம் 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30-இல் சொல்லிவிட்ட பிறகு பணத்துக்கு எங்கே போவது என்பதும் நியாயமான கவலையே. ஆனால் மாதிரிப் பேரேடு ஒன்றையும், கேள்வி பதில் தொகுப்பு ஒன்றையும் தமிழில் அச்சிட அரண்மனை கட்டும் செலவு ஆகாது. உதவி என்ற பெயரில் மோசடிக்காரருக்கு வழிகாட்டுவதாகிவிடும் என்ற அச்சமும் வேண்டாம். கட்சிக்காரர் பணத்தைச் சுருட்டுபவர் யாரையும் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பதில்லை. கேட்க ஓர் இடம் இருந்தால், ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்ற சாக்கு அவருக்கு இல்லாமல் போகும்.

இதைக் கள்ளக்குறிச்சியிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதையடுத்து, ஜாகீர்தார்களின் பிடி 1976-இல்தான் விலகிய, இதே மாவட்டத்துக் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்து, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு ஜூலையில் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதே மாதம் அதே அமர்வுதான் இணையத் தளங்கள் வழியே வக்கீல்கள் வேலை பிடிப்பதைத் தடுக்கவும் உத்தரவிட்டது. இரண்டாவதற்கு இந்திய பார் கவுன்சில் உடனே சுற்றறிக்கை விட்டது, அது சரியே. ஆனால் அந்த மலையில் வனநிலப் பட்டாவுக்கு அலைபவரும், செம்மர வழக்கில் ஆந்திரச் சிறையில் கிடப்பவரின் குடும்பமும், பலகையிலும் தெரியாமல் இணையத்திலும் பார்க்க வழியில்லாமல் போய் நிற்பது தரகரிடம்தான். தரகரை ஒடுக்க 2023-இல் 45அ என்ற பிரிவையே சட்டத்தில் சேர்த்தார்கள். தரகருக்கு வேலை தரும் இருட்டை யாரும் தொடவில்லை. ஏழைக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்வது வழக்கறிஞரின் தலையாய கடமைகளில் ஒன்று என்று 46-ஆம் விதி சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்ய மலையேறும் வக்கீல், அங்கே ஒரு துண்டறிக்கை கொடுத்தால் அது சேவையா, விளம்பரமா என்று தெரியாமல் கீழேயே நின்றுவிடுவதுதான் பத்திரம்.

ஆகவே, மாவட்டந்தோறும் விதி விளக்க உதவி, மாதிரிக் கணக்குப் படிவம், எழுத்தில் கேட்டால் எழுத்தில் முன்விளக்கம் ஆகிய மூன்றையும் வழங்குமாறு பணிந்து வேண்டுகிறோம். இயலாது எனில் சுயபுகார்ப் படிவத்தையாவது அனுப்பி வையுங்கள். தம்மீது தாமே புகார் கொடுப்பது விளம்பரம் தேடும் செயலாகக் கருதப்படுமா, அதை உறுதி செய்துகொள்ள முதலில் யார்மீது புகார் கொடுக்க வேண்டும் என்பதையும் அத்துடன் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
விதிக்குக் கட்டுப்பட விரும்பும் வக்கீலைத் தேடும் ஒரு கட்சிக்காரன்,
கள்ளக்குறிச்சி.