துரிதப் படப் பிரசங்கத்தின் பூர்வீகம் குறித்து ஓர் ஆராய்ச்சி

பத்துப் பேரைக் கூட்டி உட்காரவைத்து, ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்து, எதிர்ச்சுவரில் ஒன்றன்பின் ஒன்றாகப் படம் காட்டிக்கொண்டே பேசுவது என்னும் வழக்கம் உத்தியோக உலகத்தில் வேரூன்றிய நாள்தொட்டு, பேசுகிறவர் எப்பொழுது நிறுத்துவார் என்னும் வினா, ஜீவாத்மா எப்பொழுது கடைத்தேறும் என்னும் வினாவுக்கு அடுத்தபடியாக, விடை காண அரியதாகவே இருந்து வருகிறது. 1987-ஆம் ஆண்டில் மாக்கின்டாஷ் கணிப்பொறிக்கென்று பவர்பாயின்ட் என்னும் மென்பொருள் வெளிவந்ததும், அதைச் செய்தளித்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டிலேயே 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதும் சரித்திரப் பிரசித்தம். ஆனால் அதன் பயனாக, ஏதோ ஓர் ஊரின் கூட்ட அரங்கில், மத்தியான போஜனம் முடிந்த மந்தமான வேளையில், நாற்பத்தேழாம் ஸ்லைடின் ஆறாவது வரியை, சபையோர் அனைவரும் எழுத்தறிவுள்ளவர்கள் என்பதைச் சற்றும் நினையாமல், ஒருவர் உரக்க வாசித்துக்கொண்டு நிற்பார் என்பதை விலை பேசியவர்களும் ஊகித்திருக்க மாட்டார்கள்.

இந்நோய்க்கு மருந்து கண்டவர்கள் என்று உலகம் கொண்டாடுவது, டோக்கியோவில் தொழில் நடத்திய ஆஸ்ட்ரிட் கிளைன், மார்க் டைத்தம் என்னும் இரு கட்டிடக் கலைஞரை. தம் இனத்தார் கையில் ஒலிவாங்கி சிக்கினால் மீட்பது கடினம் என்னும் தொழில் அநுபவத்தின்மேல், அவர்கள் 2003-இல் ‘பெச்சா குச்சா’ என்னும் முறையை ஏற்படுத்தினார்கள். படங்கள் இருபது, படம் ஒன்றுக்கு விநாடிகள் இருபது, படம் தானே மாறிவிடும், ஆக 6 நிமிஷம் 40 விநாடியில் பேசுகிறவர் தாமே மௌனத்தை எய்துவார். 2006-இல் சியாட்டில் நகரத்தார் ‘இக்னைட்’ என்னும் பெயரில் படத்துக்கு ஐந்து விநாடியைக் கழித்து, ஐந்தே நிமிஷத்தில் காரியத்தை முடித்துவைத்தனர். 2008-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் இன்னும் துணிந்து, முனைவர் பட்ட மாணவர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஸ்லைடை, அதுவும் அசையாத ஸ்லைடைக் காட்டி, மூன்று நிமிஷத்தில் தம் ஆராய்ச்சி முழுவதையும் சொல்லி இறங்கவேண்டும் என்று விதித்தது. 80,000 சொல் கொண்ட ஆய்வேட்டைப் பேசி முடிக்க ஒன்பது மணி நேரம் பிடிக்கும் என்று அவர்களே கணக்குக் காட்டுவதால், அந்த மூன்று நிமிஷம் எவ்வளவு பெரிய ஜீவகாருண்யம் என்பது தெளிவாகும்.

இவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும் இம்முறைக்கு ஜன்மபூமி டோக்கியோவும் அன்று, சியாட்டிலும் அன்று, சேது நாடாகிய ராமநாதபுரக் கரையே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். கணிப்பொறியே இல்லாத காலத்தில் ஸ்லைடு ஏது என்று பூர்வபட்சக்காரர் நகைக்கலாம். படம் வேண்டும், வரையறுத்த காலம் வேண்டும், அந்தக் காலத்தை நடத்தும் அதிகாரம் பேசுகிறவர் கையில் இருத்தல் கூடாது. இம்மூன்றும் அமைந்த இடத்தில் மின்சாரம் உண்டா இல்லையா என்பது அற்ப விஷயம். இந்த இலக்கணத்தை நமக்குச் சாதகமாக வளைக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக, ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களை நாமே சான்றினின்றும் நீக்கிவிடுகிறோம். ராமகதையும் பாகவதமும் சேதுபதிகளின் கொலுவும் போரும் வரிசை வரிசையாகத் தீட்டப்பெற்ற அம்மண்டபத்தில் படத்துக்குக் குறைவில்லை. ஆனால் பார்ப்பவர் ஒரே ஓவியத்தின் முன் மாலைவரை நின்றாலும் சுவர் தானாக மாறுவதில்லை.

ராமேசுவரத்தின் நிலை வேறு. திருக்கோயிலுக்குள் தீர்த்தங்கள் இருபத்திரண்டு. மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும் அந்த யாத்திரையில், கிணற்று விளிம்பில் நிற்பவர் வாளியால் மொண்டு தலையில் ஊற்றுகிறார். பக்தர் கண்ணைத் துடைத்து இது எந்தத் தீர்த்தம் என்று வினவுமுன் பின்னாலிருக்கும் கும்பல் அவரை அடுத்த கிணற்றுக்குத் தள்ளிவிடுகிறது. தங்குதல் இல்லை, திரும்பிச் செல்லுதல் இல்லை, முந்தைய ஸ்லைடை மறுபடி காட்டுங்கள் என்னும் கோரிக்கைக்கு இடமே இல்லை. டோக்கியோவில் இருபது, இங்கே இருபத்திரண்டு என்றால், கப்பலில் போன சரக்கில் இரண்டு குறைவது துறைமுகம் அறிந்தவர்களுக்குப் புதிதன்று.

இவ்வநுமானத்தை நகைத்து ஒதுக்க நினைப்பவர் குவீன்ஸ்லாந்து வரலாற்றைச் சற்றே கவனிக்கவேண்டும். அந்த மாகாணத்தைக் கடும் வறட்சி வாட்டிய காலத்தில், குளிப்பதற்கு இவ்வளவுதான் நேரம் என்று ஜனங்கள் குளியலறைச் சுவரில் மூன்று நிமிஷ மணற்கடிகாரத்தை மாட்டிவைத்தார்கள் என்றும், அதைக் கண்டே பேராசிரியர் ஆலன் லாசனுக்கு மூன்று நிமிஷ ஆய்வுரை என்னும் யோசனை உதித்தது என்றும் அப்பல்கலைக்கழகமே சொல்கிறது. ஆகவே சுருக்கப் பேச்சு ஸ்நானத்திலிருந்து பிறந்தது என்பது நம் கற்பனை அன்று, எதிர்க்கட்சியாரின் வாக்குமூலம். வறட்சியும் ஸ்நானமும் கூடினால் இக்கலை பிறக்கும் என்பது உண்மையானால், தண்ணீரில்லாக் காடு என்று உத்தியோகஸ்தர்கள் மாற்றல் உத்தரவைக் கண்டு கலங்கும் ஜில்லாவில், இருபத்திரண்டு கிணறுகளோடு ஒரு கோயிலும் இருக்கும்போது, அது வேறெங்கே பிறந்திருக்க முடியும்?

ஆயினும் ராமேசுவரம் இக்கலையின் பாலபாடமே. அதன் முடிந்த முடிபு, ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தூரத்தில், மங்களநாதரும் மங்களேசுவரியும் கோயில்கொண்ட உத்தரகோசமங்கையில் இருக்கிறது. மண் முந்தியோ மங்கை முந்தியோ என்று வழக்காடும் ஊராதலின், டோக்கியோ முந்தியோ என்னும் கேள்வியை இவ்வூரார் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்கள். மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பம் பாடிய தலமும் இதுவே. அங்கே ஐம்பது பாட்டிலும் அடியவர் தம்மைக் கைவிட்டுவிடாதே என்று இறைவனிடம் மன்றாடுகிறார். கூட்ட அரங்கில் அமர்ந்திருக்கும் நம்மவர் மனத்துக்குள் செய்யும் விண்ணப்பமோ இதற்கு நேர்மாறானது.

இத்தலத்து நடராஜர் ஆளுயர மரகதத் திருமேனி. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருக்கும் அத்திருமேனி, மார்கழித் திருவாதிரைக்கு முதல்நாள் ஒருமுறை மட்டும் காப்புக் களையப்பெற்று, பச்சை ஒளியோடு வெளிப்படுகிறது. இரவில் அபிஷேகங்கள் நடந்து, விடியுமுன் புதுச் சந்தனம் சாத்தப்பெற்று, மறுபடியும் ஓராண்டுக்கு மறைகிறது. சாஸ்திர திருஷ்டியில் நோக்கினால் இது என்ன? ஒரே படம், ஆண்டுக்கு ஒரு தடவை, ஓர் ஆளுக்குச் சில விநாடி. குவீன்ஸ்லாந்தார் மூன்று நிமிஷத்தை அருமை என்று மெச்சிக்கொள்ளும்போது, இங்கே வரிசையை ஒழுங்கு செய்பவர் ‘நிக்காதீங்க, நகருங்க, நகருங்க’ என்னும் இரண்டு சொல்லில் காலக்கணக்கை முடித்துவிடுகிறார். மணிக்கணக்காக நின்று வந்த ஜனங்களில் ஒருவரும், படம் தெளிவாக இல்லை, பின்வரிசைக்குத் தெரியவில்லை, இதன் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பிவைப்பீர்களா என்று கேட்டதாகத் தகவல் இல்லை. சபையோர் கையில் கொண்டுபோக ஏதேனும் தரவேண்டும் என்னும் நவீன விதியும் இங்கே விட்டுப்போகவில்லை. களைந்த சந்தனம் பிரசாதமாகிறது.

இனி, இத்தலத்தாரின் நம்பிக்கை ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மூலஸ்தம்பமாக நிற்கிறது. மத்தள முழக்கத்தின் அதிர்வைக்கூட மரகதம் தாங்காது, ஆதலால்தான் அதைச் சந்தனம் காத்துநிற்கிறது என்பர். ஓசை மிகுந்தால் உருவம் உடையும் என்னும் இந்தத் தத்துவத்தையே, கலிபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் என்னும் உளவியல் பேராசிரியர் பல பரிசோதனைகள் செய்து வேறு விதமாகச் சொன்னார்: படமும் குரலும் சேர்ந்தால் விஷயம் மனத்தில் பதிகிறது, குரலில் சொல்வதையே திரையிலும் எழுத்தாகப் போட்டால் பதிவது குறைகிறது. மேயர் மங்கைக்கு வந்தவர் அல்லர் என்று ஆட்சேபிப்பவருக்கு நம் மறுமொழி, வந்திருந்தால் பரிசோதனைச் செலவு மிச்சமாகியிருக்கும் என்பதே. எழுத்துக் குவியலை அப்பிய ஸ்லைடைக் காட்டி அதையே உரக்க வாசிப்பவர், காப்பையும் களையாமல் மத்தளத்தையும் முழக்குகிறார்; இரண்டு குற்றத்தையும் ஒருசேரச் செய்யும் சாமர்த்தியம் அவருக்கே உரியது.

பெச்சா குச்சா முறையைப் பள்ளி ஆண்டுவிழாவிலும் பயிற்சி வகுப்பிலும் கடைப்பிடிக்க விரும்பும் அன்பர்கள் இங்கே ஓர் ஐயம் எழுப்புவார்கள்: இருபது விநாடி என்று கட்டுப்படுத்திவிட்டால் எவரும் நன்றாகப் பேசிவிடுவார்களா? மாட்டார்கள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர் 6 நிமிஷம் 40 விநாடி ஒன்றும் சொல்லாதிருப்பார். முன்பு அவர் ஒரு மணி நேரம் ஒன்றும் சொல்லாதிருந்தார் என்பதை எண்ணினால் இதுவும் லாபமே. சிலர் படத்துக்கு இருபது விநாடி என்றதும், பேச்சைக் குறைப்பதற்குப் பதிலாக வேகத்தைக் கூட்டி, சந்தைக்கு வந்த ஏலக்காரர் போல மூச்சுவிடாமல் கூவித் தீர்ப்பதும் உண்டு. கடிகாரம் மாறிற்று, மனம் மாறவில்லை. நம் கருத்தில் இருபது படமே அதிகம். சபையோரைக் கட்டி நிறுத்துவது குறுகிய நேரம் அன்று, எண்ணிக்கையும் அன்று. காட்டத்தக்க ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, காட்டும் நேரம் வரும்வரை காட்டாதிருக்கும் பொறுமையே. அந்தப் பொறுமையில் மங்கைக்கு ஈடான ஊரை நாம் அறியோம்.

எனவே அடுத்த கூட்டத்துக்கு நாற்பத்தேழு ஸ்லைடு தயாரித்து வைத்திருக்கும் அன்பர்கள், அதற்கு முன்பாக வரும் மார்கழியில், ஆருத்ரா தரிசனத்துக்கு முதல்நாள் ராமநாதபுரத்தில் பஸ் ஏறி, உத்தரகோசமங்கை வரிசையின் கடைசியில் போய் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தெரிந்தவர் தயவில் முன்னே போய்விடுகிறவருக்கு இந்தச் சாஸ்திரம் பாதிதான் கைகூடும்.